எந்தத் தெரு என்று கேட்டால்

அப்பு,

நீ சுகமாக இல்லை என்பது போன ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டது. அதனால் நலமறிய ஆவல் என்று எழுதி நேரத்தைப் போக்கவில்லை. நாங்கள் நன்றாக இருக்கிறோம். உன் அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, அதைவிட வாய் ஏறியிருக்கிறது. கண் மங்கி ஜீப்பை விற்ற பிறகு பொழுது போவதற்கு என்னைக் கேலி செய்வது ஒன்றுதான் அவருக்கு மிச்சம். இந்த மாதத்தோடு எனக்கு வேலை முடிகிறது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பெற்றவர்களையும் உடம்பு முடியாதவர்களையும் பார்க்கிற இந்தச் சோலியிலேயே தலை நரைத்துவிட்டது. எங்கள் நிறுவனத்து ஆண்டு மலருக்கு, "அக்கா, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று கூட வேலை பார்க்கிற சின்னப் பெண்கள் நச்சரித்தார்கள். சமூகப் பணியில் என் அனுபவங்கள் என்று தலைப்பு எழுதிவிட்டு வெகு நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு எழுதுவதாக நினைத்த பிறகுதான் கை ஓடியது. ஆனால் நீ சரி என்றால்தான் இது மலருக்குப் போகும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் நீ போனில் சொன்னதை ஒரு தடவை இங்கே சொல்லிவிடுகிறேன். யார் பேரையும் சொல்ல மாட்டேன், ஆள் தெரியாதபடி சிலதை மாற்றியும் இருக்கிறேன். நம் தொழிலின் முதல் பாடம் அதுதானே. இங்கிலாந்தில் ஒரு ஊரில் நீ குழந்தைகள் நலப் பணியாளர். பிள்ளைகள் உள்ள வீட்டில் ஏதோ சிக்கல் என்று பள்ளிக்கூடம் சொன்னால், போய்ப் பார்த்து, பேசி, வேண்டிய உதவியைச் செய்வது உன் வேலை. பேரனைத் தனியாக வளர்க்கும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வீட்டுக்குப் போனாய். அவர் கதவைப் பாதி திறந்து உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எங்கள் ஆள் ஒருத்தரை அனுப்பச் சொல் என்று சாத்திவிட்டார். மறுவாரம் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்கள் மகள் பள்ளிக்கூடத்தில் யாருடனும் பேசாமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறாள் என்று தகவல். வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு உன்னை உட்காரவைத்து, சொந்த ஊர் எது என்றார். போடி என்றாய். போடியில் எந்தத் தெரு என்றார். உன் வாயில் நாம் ஒருநாளும் குடியிருக்காத, நம்மைக் குடிவைக்கவும் மாட்டாத ஒரு தெருவின் பெயர் வந்தது. "அட, நம்மாளு" என்று அவர் தோளில் தட்டினார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள். நீ புறப்படும்போது மட்டும் கதவோரம் நின்று உன்னையே பார்த்தாள் என்றாய்.

உன் மேலாளர் நல்ல மனுஷி என்கிறாய், இருக்கட்டும். அவர் உன்னைக் கூப்பிட்டு, அந்தப் பெரியவர் வீட்டுக்கு வேறொருவரை அனுப்பிவிடலாம், நீ இனிமேல் தமிழ்க் குடும்பங்களைப் பார்த்துக்கொள், எல்லாருக்கும் வசதி என்றாராம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். "அந்தக் கெழவன்கூடப் பரவால்லம்மா. அவனுக்கு நான் யாரோ. இங்க நானே ஒங்கள இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பேசாம வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்துறவா?" என்று கேட்டாய். நான், சாப்பிட்டாயா என்று கேட்டேன். அம்மாக்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாதபோது கேட்கிற கேள்வி அது. இப்போது எழுதுவதுதான் என் பதில்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ அந்தத் தெருப் பேரைச் சொன்னது எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் உன் அப்பாவே சிரிப்பார். ஆனால் உன்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட எனக்கு உரிமை இல்லை, விதை போட்டவள் நான்.

நம் வீடு தேவாரத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், ஓடைக்கு மேற்கே இருக்கிற காலனியில். ஓடைக்குக் கிழக்கே ஊர். தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. உன் அப்பா விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டினார். சனிக்கிழமைகளில் எஸ்டேட்டுப் பிள்ளைகளுக்கு எடை பார்க்க நானும் அதே ஜீப்பில் ஏறுவேன், உன்னையும் மடியில் வைத்துக்கொள்வேன். உனக்கு நினைவிருக்கும். வளைவுக்கு வளைவு குளிர் ஏறும். கீழே போடி விளக்குகள் தெரிகிற இடத்தில், "அப்பா, நிப்பாட்டு" என்று நீ கத்துவாய். "லோடு இருக்குடா மாப்ளே, நின்னா நகராது" என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார், ஒவ்வொரு தடவையும் அந்த வளைவில் கொஞ்சம் மெதுவாக ஓட்டவும் செய்வார். இறங்கும்போது உன் டவுசர் பையில் பச்சை ஏலக்காய் நிறைந்திருக்கும். திங்கட்கிழமை நீ பள்ளிக்கூடம் போனால் வகுப்பே பாயசம் மாதிரி மணக்கிறது என்று உன் டீச்சர் சொல்லி அனுப்புவார். இன்றைக்கும் சந்தைப் பக்கம் மூட்டை பிரிக்கிற வாசம் வந்தால் எனக்கு நீ பையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வருகிற மாதிரியே இருக்கிறது.

ஆனால் ஒன்று உனக்கு நினைவிருக்காது. மத்தியானம் ஏலச்செடி நிழலில் எல்லோரும் தூக்குவாளியைத் திறப்பார்கள். யார் யாருடன் வட்டமாக உட்காருகிறார்கள், யார் குழம்பு யார் சோற்றுக்குப் போகிறது என்று பார்த்தாலே போதும், யாரையும் எந்தத் தெரு என்று கேட்கத் தேவையில்லை. நம்மவர்கள் ஒரு வட்டம். ஓடைக்குக் கிழக்கே இருந்து வருகிறவர்கள் கொஞ்சம் மேலே, தனி வட்டம். நீ சின்னப் பிள்ளை, எல்லா வட்டத்துக்கும் போவாய். அவர்களும் பாசமாகத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டு, சோற்று உருண்டையை உன் கையில் வைக்காமல் மேலேயிருந்து போடுவார்கள், விரல் படாமல். ஒருநாள் நீ அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, தலையை ஆட்டி ஆட்டிப் பிடித்தாய். பிடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். அவர்களும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் உன் அப்பாவிடம் போடியில் வீடு பார்க்கச் சொன்னேன்.

சந்தைக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தது. எல்லா விதமான ஆட்களும் வந்துபோகிற இடம், யாரும் யாரையும் துருவுவதில்லை. உன்னை மூன்றாம் வகுப்பில் சேர்த்த அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தேன். "சொந்த ஊரு எதுன்னா போடின்னு சொல்லு. எந்தத் தெருன்னா சந்தப் பக்கம்னு சொல்லு. அதுக்கு மேல கேட்டா வெரசா வந்துரு." பொய் இல்லை, குடியிருந்தது அங்கேதான். ஆனால் லீவுக்குக் காலனிக்குப் போய் வந்தால், எங்கே போனாய் என்று கேட்ட பிள்ளைகளிடம் நீ கொடைக்கானல் என்று சொன்னாய். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, நீயாகக் கற்றுக்கொண்டாய். அதைக் கேட்டு நான் சிரித்தேன் என்பதை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சொல்லிக்கொடுத்ததற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. மழை பெய்தது, குடை கொடுத்தேன். நீயும் நனையாமல் பள்ளிக்கூடம் போய் வந்தாய், மதுரையில் படித்தாய், போன வருஷம் போடி ரயிலில் ஏறி அங்கிருந்து சீமை வரைக்கும் போனாய். வீட்டுக்குள்ளும் அந்தக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயோ என்பதுதான் என் கவலை.

இனி நான் உனக்குச் சொல்லாமலே வைத்திருந்த கதை. நாம் போடிக்கு வந்த புதிதில், மலையடிவாரத்தில் ஒரு ஊருக்கு என்னை அனுப்பினார்கள். நிலமும் கிணறும் உள்ள பெரிய வீடு. மருமகளுக்குத் தலைப்பிள்ளை, பெண் குழந்தை. வாசலில் மாமியார் நின்றார். "யாரு வீட்டுப் புள்ள நீ?" என்றார். தேவாரம் பக்கம், ஓடைக்கு மேற்கே என்றேன். உனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்துவிட்டு நான் மட்டும் எப்படி உண்மை சொன்னேன் என்று நினைக்காதே. அந்தப் பக்கத்தில் நான் பொய் சொன்னால், சொல்லி முடிப்பதற்குள் யாராவது என் அப்பன் பேரைச் சொல்லிவிடுவார்கள், அவ்வளவுதான் காரணம். அந்த அம்மா என்னை முருங்கை மரத்தடியில் நிறுத்தினார். தராசை மரக்கிளையில் மாட்டச் சொன்னார். பிள்ளையை வாங்கக் கை நீட்டினேன். "நீ தொடாத தாயி, நானே வைக்கிறேன்" என்று அவரே தராசுத் தொட்டிலில் வைத்தார். எடையைக் குறித்துக்கொண்டேன். மருமகள் உள்ளே இருட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் புறப்படும்போது, "அடுத்த தடவ வேற ஆள அனுப்பச் சொல்லு, நம்மாளு யாரும் இருந்தா. உன்னையச் சொல்லல. ஊரு ஒண்ணு சொல்லும்" என்றார் அந்த அம்மா. குரலில் கடுமையே இல்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

அலுவலகத்தில் எங்கள் சாரிடம் சொன்னேன். அவரும் நல்லவர். "கோவிச்சுக்காதம்மா. நமக்குச் சோலி நடக்கணும். அந்த வீட்டுக்கு வேற ஆள அனுப்பிருவோம், நீ காலனியப் பாத்துக்க. எல்லாருக்கும் வசதி" என்றார். உன் மேலாளர் சொன்னதும் அதேதான், மொழிதான் வேறு. போனில் நீ அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, நீ இருமல் என்று நினைத்து மாத்திரை பேர் சொன்னாய்.

எனக்குப் பதிலாகப் போனவள் என் தோழி. இன்றைக்கும் தோழிதான். போன கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கும் அந்த வீட்டுக்கும் சொந்தம் கண்டுபிடித்துவிட்டார்கள். "எங்க சின்னம்மாவுக்கு நாத்தனா முறை ஆகுதுடி. காபி என்ன, முறுக்கு என்ன, விடவே மாட்டேனுட்டாக" என்று வந்து சொன்னாள். மருமகள் எப்படி என்று கேட்டேன். "நல்லாத்தேன் இருக்கா. கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்றாள். எல்லாம் நலம் என்று எழுதியும் வைத்தாள். அவள் எழுதிவைத்த கணக்கில் பிள்ளையின் எடை மட்டும் ஏறவில்லை. எனக்கு அது உறுத்தியது, ஆனால் என் வீடு இல்லை என்று இருந்துவிட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் வீம்பும் இருந்தது, உங்கள் ஆளே பார்க்கட்டும் என்று.

ஒருநாள் பக்கத்து ஊருக்குப் போய்விட்டு, பஸ்சுக்காக வரப்பு வழியே குறுக்கே வந்தேன். கிணற்று மோட்டார் ரூம் பக்கம் அந்த வீட்டு மருமகள் பிள்ளைத் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அக்கா" என்றாள். அந்த ஊரில் அந்த வீட்டுப் பெண் என் போன்றவளை அக்கா என்று கூப்பிட்டால் கேட்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "அக்கா, புள்ளையத் தூக்கவே பயமா இருக்கு. அழுதா காதப் பொத்திக்கிறேன். இந்தக் கெணத்துப் பக்கம் வந்தா என்னென்னமோ தோணுது" என்றாள். திரும்பக் குனிந்து துணியை அலசிக்கொண்டே சொன்னாள், யாரும் பார்த்தால் பேசுகிற மாதிரி தெரியக் கூடாதே. வந்த அக்காவிடம் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "அவுக எங்க அத்தைக்கு ஒறவாப் போயிட்டாக. அவுககிட்டச் சொன்னா பொழுது சாயுறதுக்குள்ள எங்கப்பன் வீடு வரைக்கும் போயிரும். கிறுக்குன்னு கொண்டுபோயி விட்டுருவாக." எங்கிட்ட மட்டும் எப்படிச் சொல்ற என்றேன். "நீங்க யார்ட்டப் போயிச் சொல்லப் போறீக? சொன்னாலும் எங்காளுக ஒங்க பேச்ச எடுக்க மாட்டாக" என்றாள்.

அப்பு, அந்த நிமிஷம் எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்தே வந்தது. என் பேச்சுக்கு மதிப்பில்லை என்பதாலேயே என்னிடம் பேசுகிறாள். ஆனால் சொல்லி முடித்ததும் ஈரக் கையோடு என் கையைப் பிடித்தாள். பிடித்ததை விடவில்லை. மறுநாள் சாரிடம் போய், "அந்த வீட்டுக்கு இனி நாந்தேன் போவேன். ஏன்னு கேக்காதீக" என்றேன். வெகு நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். திரும்பவும் முருங்கை மரத்தடி. "வேற ஆள் வரலையா?" என்றார் மாமியார். "இனி நாந்தேன் வருவேன்மா" என்றேன். பிள்ளைக்குத் தடுப்பூசி என்று சொல்லித் தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விஷயம் தெரிந்த ஒரு டாக்டரம்மா கிடைத்தார். மருந்து, பேச்சு, திரும்பவும் பேச்சு என்று மாதக்கணக்கில் ஆனது. அவள் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. பொங்கலுக்குப் பொங்கல் போன் வரும், நீ எடுத்து, "யாரோ ஒரு அக்கா" என்று என்னிடம் நீட்டுவாயே, அது அவள்தான்.

மாமியார் கடைசி வரை என்னை உள்ளே விடவில்லை. கொஞ்ச நாள் கழித்து மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். நான் எழுந்து போனதும் அதைக் கழுவினார்களா தெரியாது. நான் திரும்பிப் பார்த்ததில்லை.

எங்கள் சார் அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டு வாசலில் வந்து நின்று, "இவதான் எங்க ஆளு" என்று. அவர் சொல்லவில்லை. அதை எதிர்பார்த்து எத்தனையோ வாசல்களில் நின்றிருக்கிறேன். பொறுப்பு என் கைக்கு வந்த பிறகு அதைச் சொல்லும் முறை எனக்கு வந்தது. இப்போது எஸ்டேட்டு லயங்களில், அந்த வரிசை வீடுகளில், ஜார்க்கண்டுக் குடும்பங்கள் நிறைய. அவர்களிலேயே படித்த ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தோம். அதே ஏலச்செடி நிழல், அதே தராசு. பிள்ளையை வாங்க அவள் கை நீட்டியபோது, நம் காலனிப் பெண்களே, "வேற ஆள் இல்லையாக்கா? இந்திக்காரி கையிலயா குடுக்கச் சொல்றீக?" என்றார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்துக்காரன் நம்மைப் பாண்டி என்று இளக்காரமாகக் கூப்பிட்டால் கொதிக்கிறவர்கள்தான் இவர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தராசைக் கழற்றி எறிந்திருப்பேன். அடக்கிக்கொண்டு, "இவதேன் எங்க ஆளு. எடை பாக்குறது இவதேன்" என்றேன். சிலர் கொடுத்தார்கள், சிலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். போனவர்கள் வீட்டுக்கு மறுவாரமும் அவளையே கூட்டிக்கொண்டு போனேன். மொழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த ஜார்க்கண்டுப் பெண்களுக்கோ அவள் வந்தது பெரிய ஆறுதல். சொந்த மனுஷி வேண்டியிருக்கிற இடமும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. யாருக்கு எது வேண்டும் என்பதை அந்த வீட்டில் கஷ்டப்படுகிற ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வாசலை மறித்து நிற்கிறவரைப் பார்த்து முடிவு செய்கிறோம், அங்கேதான் சறுக்குகிறோம்.

அதனால் உன் மேலாளரிடம் கேள். அந்தப் பெரியவரிடம் போய், இவர்தான் எங்கள் ஆள் என்று சொன்னாரா என்று கேள். சொன்ன பிறகும் அங்கே போக உனக்கு மனசில்லை என்றால் போகாதே, அதுவும் சரிதான். கண்டவனிடம் பேச்சு வாங்க உன்னைப் பெறவில்லை. ஆனால் அந்த முடிவு உன்னுடையதாக இருக்கட்டும், எல்லாருக்கும் வசதி என்று உன் தலையில் வைத்ததாக இருக்க வேண்டாம்.

தமிழ் வீடுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. கதவோரம் நின்று பார்த்தாள் என்றாயே, அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நீ அந்தத் தெருவின் பெயரைச் சொன்ன நிமிஷமே அவள் புருஷனுக்கு நீ சொந்தக்காரனாகிவிட்டாய். சொந்தக்காரனுக்குக் காபிதான் கிடைக்கும். நீ உண்மையைச் சொன்னால் அவள் பேசுவாள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஒருவேளை கதவே சாத்தப்படலாம். ஆனால் இப்போது இருக்கிறபடி இருந்தால் அவளும் பேச மாட்டாள், அந்தப் பிள்ளையும் பேசாது.

வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றால் வா. சோறு இருக்கிறது, உன் அப்பாவுக்கும் கேலி செய்யப் புது ஆள் கிடைக்கும். ஆனால் எந்த வீட்டுக்கு வருவாய் என்று தெரிந்துகொள். அடுத்த மாதம் சந்தைப் பக்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டுக் காலனிக்கே போகிறோம். பழைய வீட்டுக்குப் புதுக்கூரை போட்டாயிற்று. "ராத்திரி ஆனை வந்துச்சுன்னா உன்னத்தேன் முன்னாடி அனுப்புவேன், நீதேன் எல்லார்ட்டயும் நைசாப் பேசுவியே" என்கிறார் உன் அப்பா. மலரில் எழுதுகிறவர்கள் பேருக்குக் கீழே ஊரும் போடுவார்கள். நான் போடி என்று போட மாட்டேன். என் ஊரைப் போட்டால் உன் ஊரும் அதுதான் என்று உன்னோடு படித்தவர்கள், பழகியவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். வேண்டாம் என்றால் இந்தத் தாள்களை மடித்து உள்ளே வைத்துவிட்டு, அவர்களுக்குச் சத்துமாவுக் கஞ்சி பற்றி ஏதாவது எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அதற்காக உன்மேல் ஒரு வருத்தமும் வராது.

இனி எழுதுவது ஒரு வாரம் கழித்து. கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்பியிருந்தேன், பதிலே இல்லை. நேற்று போன் வந்தது.

"போயிட்டு வந்தேம்மா" என்றாய்.

"யாரு வீட்டுக்கு?"

"தமிழ் வீட்டுக்கு. அன்னைக்குச் சொன்னது எங்க தெரு இல்லை, நாங்க தேவாரம் பக்கம், ஓடைக்கு மேக்க காலனின்னு சொன்னேன்."

"அவரு?"

"சிரிப்பு நின்னுபோச்சு. மறுநாளு ஆபீசுக்குப் போன் பண்ணி வேற ஆள் கேட்டுருக்காரு. இவர்தான் எங்க ஆளுன்னு மேடம் சொல்லிட்டாங்க. அப்படிச் சொல்லணும்னு நாந்தான் முன்கூட்டியே கேட்டுவச்சேன்."

"காபி குடுத்தாகளா?"

"இல்லம்மா."

உன் அப்பா, என்னவாம் என்னவாம் என்று தோளை இடித்துக்கொண்டிருந்தார்.

"ஷூவ மாட்டிட்டு இருக்கேன், அந்தம்மா வாசலுக்கு வந்தாங்க. திங்கக்கெழம பிள்ளைய விட ஸ்கூலுக்கு நான் தனியாத்தான் வருவேன், நீங்க அங்க வருவீங்களா தம்பின்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வர்றேன்னு சொல்லிருக்கேன்" என்றாய். பிறகு, "மலருக்குக் குடுத்துரும்மா. ஊரையும் சேத்துப் போடு" என்றாய்.

இப்படிக்கு,
உன் அம்மா,
காலனி, ஓடைக்கு மேற்கே,
தேவாரம் பக்கம்.